மொரீஷியஸில் இருந்துகொண்டு எழுதிச் சம்பாதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சொந்த ஊர் கும்பகோணம். கணவரின் வேலை நிமித்தமாக மொரீஷியஸுக்கு வந்து, காத்ர் போர்னில் எங்கள் வீட்டின் பின்னறையில் அமர்ந்து மொழிபெயர்ப்பும் கட்டுரை எழுத்தும் செய்து, எட்டு ஆண்டுகளாகக் குடும்பச் செலவில் பாதியைச் சுமந்துவருகிறேன். இங்கே புதிதாகக் குடியேறும் தமிழர்களும், மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் இந்நாட்டு இளைஞர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வாய்மொழியாகச் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

தமிழில் மட்டும் எழுதி இங்கே பிழைக்க முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் கேட்பவருக்குச் செய்யும் நன்மை. இத்தீவில் தமிழுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை: பணத்தாளில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகின்றன, தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள், தொடக்கப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாகப் படிக்கலாம், அரசு ஒலிபரப்பில் தமிழ் நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் இங்குள்ள தமிழ் வம்சாவளியினர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழி. கோயிலில் கொடுக்கும் பாட்டுத் தாளில் திருப்புகழ்கூட ரோமன் எழுத்தில் இருப்பதுண்டு. படிப்பவர் குறைவாக உள்ள இடத்தில் எழுதுவதற்குப் பணம் தருபவரும் குறைவாகவே இருப்பார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் தரும் சன்மானமோ இந்த ஊர் வாடகைக்கு ஈடாகாது.

தமிழோடு ஆங்கிலமோ பிரெஞ்சோ பிழையின்றி எழுத வந்து, மருத்துவம், சட்டம், வங்கி, மென்பொருள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு துறையின் சொற்களும் பழகியிருந்தால் நிலைமை வேறாகிவிடும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தகவல் தாள், மருத்துவ ஆய்வில் பங்கேற்போர் கையெழுத்திடும் சம்மதப் படிவம், கைப்பேசிச் செயலியின் பொத்தான்களில் வரும் சொற்கள், காப்பீட்டு அறிவிப்பு, திரைப்பட வசனவரி என்று யாருடைய பெயரும் இல்லாமல் வெளியாகும் எழுத்தே எங்கள் வீட்டில் உலை கொதிக்கச் செய்கிறது. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழ் ஒன்று; இலங்கையிலும் அது ஆட்சிமொழி; கனடாவிலும் பிரிட்டனிலும் தமிழர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். பணம் தரும் வாசல்கள் அங்கெல்லாம் இருக்கின்றன. கதையும் கவிதையும் எழுத வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவற்றை எழுதுவதற்கான நேரத்தை வாங்கித் தருவது இந்தப் பெயரில்லாத எழுத்துதான் என்பதை மட்டும் சொல்லிவருகிறேன்.

எந்த விசாவில் இருந்தால் எழுதிச் சம்பாதிக்கலாம்?

இந்நாட்டுக் குடிமக்களுக்கு விசாச் சிக்கல் இல்லை; தொழில் பதிவு எண் வாங்கி, வரித்துறையில் கணக்கு எண் பெற்றுத் தொடங்கிவிடலாம். வெளிநாட்டவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் இறுதியில் மொரீஷியஸ் அரசு பிரீமியம் விசா என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கோ வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கோ இங்கிருந்தபடி வேலை செய்பவர்களுக்காகவே வகுக்கப்பட்டது இது; ஓராண்டுக்குத் தருகிறார்கள், புதுப்பித்தும் கொள்ளலாம். விண்ணப்பக் கட்டணம் இன்றி அறிமுகமான இந்த விசாவுக்கு, தனி ஒருவர் மாதம் 1,500 அமெரிக்க டாலருக்குக் குறையாத வருமானத்தைக் காட்ட வேண்டும், பயணக் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். முக்கியமான நிபந்தனை ஒன்று இருக்கிறது: வருமானத்தின் ஊற்று மொரீஷியஸுக்கு வெளியே இருக்க வேண்டும். போர்ட் லூயிஸில் உள்ள ஒரு கடைக்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்து ஐந்நூறு ரூபாய் வாங்கினாலும் அது நிபந்தனையை மீறியதாகிவிடும். பழகிய முகம், சிறு தொகை, யாருக்குத் தெரியப்போகிறது என்று தொடங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறு தொகைக்காக ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே பணயம் வைக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உள்ளூர் வாடிக்கையாளர்களுக்கும் எழுத விரும்பினால், தொழில் அனுமதியில் சுயதொழில் பிரிவு ஒன்று உண்டு. பொருளாதார வளர்ச்சி வாரியத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஒரு பெருந்தொகையை உள்ளூர் வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதால் எல்லோருக்கும் அது கைகூடாது. கணவரின் அல்லது மனைவியின் அனுமதியைச் சார்ந்து இங்கே இருப்பவர்கள், தங்கள் அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வரி வரியாகப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் குடிவரவுத் துறைக்கு எழுதிக் கேட்டு, எழுத்திலேயே விடை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். அந்த விடை வருவதற்கு முன் ஒரு பில்கூட அனுப்பவில்லை.

வரி எங்கே கட்ட வேண்டும்?

மொரீஷியஸின் வருமான ஆண்டு ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஓடுகிறது. அதற்குள் 183 நாட்கள் இங்கே இருந்தாலோ, அந்த ஆண்டையும் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து 270 நாட்கள் இருந்தாலோ, வரிச் சட்டத்தின் பார்வையில் நீங்கள் இந்நாட்டு வசிப்பாளர். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்குப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த ஜூலைக் கணக்கு முதலில் குழப்பம் தரும். ஆகவே வந்திறங்கிய நாளிலிருந்தே நாட்களை ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். பிரீமியம் விசாவில் இருப்பவர் தொலைவிலிருந்து செய்யும் வேலையின் வருமானம், இந்நாட்டுக்குள் கொண்டுவரப்படும்போதுதான் வரிக்கு உட்படும். வெளிநாட்டு வங்கி அட்டையில் செலவு செய்வது கொண்டுவந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.

இந்தியாவுக்கும் மொரீஷியஸுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. சென்னை நிறுவனம் ஒன்று உங்கள் தொகையில் வரி பிடித்தம் செய்ய முனைந்தால், மொரீஷியஸ் வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் பெற்றுக் கொடுத்து, ஒப்பந்தச் சலுகையைக் கோரலாம். முன்பே பிடித்துவிட்டார்கள் என்றால் பிடித்தத்துக்கான சான்றைத் தவறாமல் கேட்டு வாங்கிவிடுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கேட்கும். நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்பதைத் தெரிவிக்கும் படிவம் அது. அமெரிக்காவுக்கு வெளியே உட்கார்ந்து செய்த எழுத்து வேலைக்கு அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை என்பதால் அதை நிரப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். இந்தியாவில் உள்ள உங்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரானதும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பதும் பலர் மறந்துவிடும் ஒன்று.

ஒரு சொல்லுக்கு எவ்வளவு கேட்பது?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தொகையை மற்றவரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உங்கள் வீட்டுச் செலவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாதச் செலவுக்கு 60,000 மொரீஷியஸ் ரூபாய் தேவை என்று வைத்துக்கொள்வோம். வரி, காப்பீடு, கணினி, நோயுற்ற நாட்கள், ஊருக்குப் போகும் நாட்கள் ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கைக் கூட்டினால் 75,000. மாதத்தில் 160 மணி நேரம் மேசையில் உட்கார்ந்தாலும், பணம் தரும் வேலை நடப்பது 90 மணி நேரம்தான். எஞ்சியது மடல் எழுதவும், மாதிரி செய்யவும், பில் போடவும், வேலை தேடவும், படிக்கவும் போய்விடும். எனவே ஒரு மணி நேரத்தின் விலை 75,000ஐ 90ஆல் வகுத்து வரும் 833 ரூபாய். ஓரளவு கடினமான ஆங்கில உரையைத் திருப்பிப் படித்துத் திருத்துவது உட்பட மணிக்கு 300 சொற்கள் முடிக்க முடிந்தால், சொல்லுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 80 காசு. ஒரு டாலர் 45 ரூபாய் என்று வைத்தால் 6 சென்ட்டுக்குச் சற்று மேல். இதற்குக் கீழே ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் உங்கள் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளருக்குத் தரும் கொடை ஆகிவிடும். புதிதாக வருபவர்கள் 160 மணி நேரத்தையும் விற்பனைக்குரியதாக எண்ணி வகுத்துவிடுகிறார்கள். ஓராண்டுக்குள் அவர்கள் சோர்ந்துபோவதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை, இந்த வகுத்தல்தான்.

இன்னொரு செய்தி தமிழுக்கே உரியது. எப்போதும் மூல உரையின் சொற்களை எண்ணி விலை பேசுங்கள். தமிழில் வேற்றுமை உருபும் பன்மையும் இடப்பொருளும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால், ‘வீடுகளுக்குள்ளிருந்து’ என்று நாம் ஒரு சொல்லாக எழுதுவதை ஆங்கிலத்தில் நான்கு சொற்களாக எழுதுவார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தபின் தமிழ்ச் சொற்களை எண்ணினால் உழைப்பில் ஒரு பெரும் பகுதி எண்ணிக்கையிலிருந்து காணாமல் போயிருக்கும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது இது தலைகீழாகும். அப்போது தமிழ்ச் சொல்லுக்கான விலையை அதற்கேற்ப உயர்த்தியே சொல்ல வேண்டும். பிரான்ஸில் புத்தக மொழிபெயர்ப்பை ‘ஃபொய்யே’ என்ற கணக்கில், அதாவது இடைவெளியும் சேர்த்து 1,500 எழுத்துக்குறிகள் கொண்ட ஒரு தாள் என்ற அளவில் பேசுகிறார்கள். பிரெஞ்சு பதிப்பகத்தோடு பேசப் போகிறவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வேலையை எங்கே தேடுவது?

ஃபைவர் போன்ற சந்தைத் தளங்கள் தொடங்குவதற்கு எளியவை. ஆனால் ஃபைவர் உங்கள் தொகையில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது என்பதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு 1999இல் தொடங்கிய ப்ரோஸ் தளம் பயன்படும். எந்த நிறுவனம் ஒழுங்காகப் பணம் தருகிறது என்று மொழிபெயர்ப்பாளர்கள் தாங்களே எழுதிவைக்கும் ‘புளூ போர்டு’ பட்டியல் அங்கே இருக்கிறது. என் வருமானத்தில் பெரும் பங்கு வந்தது இவை எதன் வழியாகவும் அன்று. நிறுவனங்களுக்கு ஒவ்வொன்றாக, என் துறையையும், எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு எழுதுகிறேன் என்ற மொழி இணையையும் முதல் வரியிலேயே சொல்லி, நான் எழுதிய மடல்களின் வழியாகவே வந்தது. நூறு மடல்களுக்கு நான்கைந்து பதில்கள் வந்தன. அந்த நான்கைந்தில் இரண்டு இன்றும் எனக்கு வேலை அனுப்புகின்றன.

மாதிரி வேலையை இலவசமாகச் செய்து தரலாமா?

300 சொற்கள் வரை தரலாம். அதற்கு மேல் கேட்டால் கட்டணம் சொல்லுங்கள்.

பணம் எப்படிக் கைக்கு வரும்?

மொரீஷியஸில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1994இல் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே வெளிநாட்டுப் பணத்தைப் பெறுவதற்கும் வைத்திருப்பதற்கும் இந்தியாவில் உள்ளதுபோன்ற கெடுபிடி இங்கே இல்லை. உள்ளூர் வங்கியில் ரூபாய்க் கணக்கோடு டாலர் அல்லது யூரோ கணக்கும் திறந்துகொள்ளலாம். ஒரு சிறு நுணுக்கத்தை மட்டும் கவனிக்க வேண்டும்: இந்நாட்டின் பன்னாட்டு வங்கிக் கணக்கு எண் 30 எழுத்துக்குறிகள் நீளமானது, கடைசி மூன்றும் அந்தக் கணக்கு எந்த நாணயத்துக்கு உரியது என்பதைச் சொல்பவை. பில்லில் யூரோ கேட்டுவிட்டு ரூபாய்க் கணக்கின் எண்ணை எழுதினால், வங்கியே மாற்றிவிடும் விலையில் ஒரு பங்கு கரைந்துவிடும். இடைப்பட்ட வங்கிகள் எடுக்கும் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். சிறு தொகைகளைச் சேர்த்து மாதம் ஒரே பில்லாக அனுப்புவது இந்தக் கட்டணத்தைக் குறைக்கும்.

வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்தால்?

என் முதல் ஆண்டில் ஓர் ஐரோப்பிய நிறுவனம் 11,000 சொற்களுக்கான பணத்தை ஏழு மாதம் இழுத்தது. கேட்பதற்கே கூச்சப்பட்டேன்; கூச்சத்தோடு எழுதிய மடல்களுக்கு விடையே வரவில்லை. பிறகுதான் படித்தேன்: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று பணம் தரும் தவணை, வெளிப்படையாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 60 நாட்களைத் தாண்டக் கூடாது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், தாமதமான வணிகக் கடனுக்கு இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டியோடு 8 விழுக்காடு சேர்த்துக் கேட்கும் உரிமையைத் தருகிறது. சட்டத்தின் பெயரையும் வட்டித் தொகையையும் குறிப்பிட்டு ஒரு மடல் எழுதினேன். பத்து நாளில் அசல் வந்துவிட்டது. வழக்குப் போட இங்கிருந்து யாரும் ஐரோப்பாவுக்குப் போகப் போவதில்லை. ஆனால் சட்டம் தெரிந்தவர் என்று எதிர்த்தரப்புக்குத் தெரிவிப்பதே பல நேரங்களில் போதுமானதாக இருக்கிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, புதிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முதல் வேலையை 2,000 சொற்களுக்குள் வைத்துக்கொண்டு, பணம் வந்த பின்னரே அடுத்ததை ஏற்கிறேன்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் இந்தத் தொழில் நிற்குமா?

தொழில் மாறியிருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. இப்போது வரும் வேலைகளில் பல, இயந்திரம் தந்த வரைவைத் திருத்தித் தருவது, அதற்கென்று பன்னாட்டுத் தரநிலை அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 18587 என்ற தனித் தரநிலையே 2017இல் வந்துவிட்டது. இந்த வேலைக்குச் சொல் கணக்கில் குறைந்த விலை பேசுவார்கள். தமிழைப் பொறுத்தவரை அதை ஏற்க வேண்டாம், மணிக்கணக்கில் பேசுங்கள் என்பேன். இயந்திரம் தரும் தமிழ் வரைவில் ‘நீ’யும் ‘நீங்கள்’உம் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும், தாயைக் குறிக்கும் இடத்தில் ‘அவன்’ வரும், எதிர்மறை வினை உடன்பாடாகிவிடும். ‘ஒரு நாளைக்கு இருமுறை’ என்பதும் ‘இரண்டு நாளுக்கு ஒருமுறை’ என்பதும் மருந்துத் தாளில் இடம் மாறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இப்படிப்பட்ட பிழைகளைத் தேடிப் பிடிக்க மூலத்தையும் வரைவையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டியிருப்பதால், சில நாட்களில் புதிதாக எழுதுவதைவிடக் கூடுதல் நேரம் ஆகிறது. மொழிபெயர்ப்புப் பணிக்கான ஐ.எஸ்.ஓ. 17100 தரநிலை, செய்தவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் திருத்தியே ஆக வேண்டும் என்று சொல்கிறது. அந்த இரண்டாமவரின் வேலையும் நல்ல வேலைதான். புதியவர்கள் அதிலிருந்து கற்பது மிகுதி.

சென்னைப் பதிப்பகத்துக்குப் புத்தகம் எழுதித் தரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, எழுத்தில் இல்லாத உரிமை மாற்றத்தை ஏற்பதில்லை. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே தரப்பட்டதாகவும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாவதாகவும் அச்சட்டம் கொள்கிறது. இது எழுதுபவருக்குச் சாதகமானது. ஆகவே ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் தென்பட்டால், அதற்கு ஏற்ற தொகை தரப்படுகிறதா என்று நிதானமாகக் கேளுங்கள்.

பிரெஞ்சும் கிரியோலும் தெரியாமல் சமாளிக்கலாமா?

வெளிநாட்டு வேலையை மட்டும் செய்வதானால் சமாளிக்கலாம். ஆனால் இங்கே சட்டங்களும் அரசுப் படிவங்களும் ஆங்கிலத்தில், நாளேடுகள் பெரும்பாலும் பிரெஞ்சில், கடைத்தெருப் பேச்சு கிரியோலில் என்று மூன்று மொழிகளும் தங்கள் இடங்களைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு எழுதக்கூடியவர்கள் உலகிலேயே குறைவு என்பதால், இந்நாட்டில் பிறந்து பிரெஞ்சு நாளேடு படித்து வளர்ந்த தமிழ் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: உங்கள் கையில் இருப்பது அரிய இணை, அதை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போய் வீணாக்காதீர்கள்.

நேர வேறுபாடும் புயலும் வேலையைக் கெடுக்காதா?

நேரம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. இந்தியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால், சிங்கப்பூர் நான்கு மணி நேரம் முன்னால், லண்டன் கோடையில் மூன்றும் குளிர்காலத்தில் நான்கும் மணி நேரம் பின்னால். லண்டன் விழிக்கும் நேரத்தில் நம்முடைய காலை வேலை முடிந்திருக்கும். புயல் வேறு கதை. நவம்பரிலிருந்து மே வரை புயல் பருவம். எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை ஏறும்போது கடைகள் அடைபடும், மின்சாரமும் இணையமும் நிற்கலாம். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை ஏற்கும் வேலைக்குக் கெடு நாளில் இரண்டு நாள் கூட்டியே கேட்கிறேன். இரண்டாம் எச்சரிக்கை வந்தவுடன், முடிந்த வரையிலான பகுதியை வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுகிறேன்.

உள்ளூர்த் தமிழ் ஆவணங்களில் தவறு நேரும் இடம் எது?

பெயர்கள். இங்குள்ள தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தர்களும் ஆங்கில எழுத்தர்களும் காதில் விழுந்தபடி பதிந்தவை. வீராசாமி என்ற பெயர் பிறப்புச் சான்றிதழில் நடுவே ஓர் ‘ஹ’வோடு நிற்பதுண்டு, முத்து என்பதன் உகரத்தைப் பிரெஞ்சு முறையில் எழுதிய குடும்பமும் ஆங்கில முறையில் எழுதிய குடும்பமும் ஒரே தெருவில் இருக்கும். மூதாதையரின் ஊரைத் தேடித் தமிழ்நாட்டுக்கு மடல் எழுதும் குடும்பங்கள் அவ்வப்போது என்னிடம் வருகின்றன. அவர்களுடைய ஆவணத்தைத் தமிழாக்கும்போது, பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் அப்படியே காட்டி, அதனருகே தமிழ் வடிவத்தை எழுதி, அது என் ஊகம் என்பதையும் குறிப்பிடுகிறேன். நாமாகத் திருத்திய ஒரே எழுத்தால் ஒருவரின் பரம்பரைச் சான்று செல்லாததாகிவிடக்கூடும்.

பல மொழிகளில் அச்சாகும் துண்டறிக்கையில் எந்த மொழி எத்தனையாவதாக வர வேண்டும் என்பதையும் அச்சுக்குப் போகும்முன் கேட்டுவிடுங்கள். 1998இல் வெளியான பணத்தாள்களில் தமிழ் தன் வழக்கமான இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறக்கப்பட்டபோது தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சிடப்பட்டன.